மீட்டரும் மணியும்: மதுக்கடையை மூடினால் சாலை பாதுகாப்பாகுமா?

தேக்காவில் ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டி, ஹேம்ஷியர் சாலையில் ஒரு கட்டடத் தொகுதி நிற்கிறது. அங்கு இயங்குவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம். சிங்கப்பூர்ச் சாலைகளுக்குப் பொறுப்பான அலுவலகம் அது. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அது பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓராண்டில் ஒரே மருத்துவமனையில் அத்தனை பிரசவங்கள் நடந்தது உலக சாதனையாகப் பதிவானது.

அத்தனை உயிர்கள் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில், 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏறத்தாழ 9.23 மணிக்கு, ஓர் உயிர் போனது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் துறையில் வேலை பார்த்த 33 வயது ஊழியர் அவர். வார விடுமுறையைத் தேக்காவில் கழித்துவிட்டுத் தங்குவிடுதிக்குத் திரும்பப் பேருந்தில் ஏறினார். பேருந்தில் இடமில்லை என்று இறக்கிவிடப்பட்டார். நகர்ந்த பேருந்தின் பக்கவாட்டில் ஓடினார், இடறி விழுந்தார், சக்கரத்தில் சிக்கினார். பின்னர் பரிசோதித்தபோது, அவரது ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 217 மில்லிகிராம் மது இருந்தது தெரியவந்தது. வாகனம் ஓட்டுவோருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் வகுத்துள்ள உச்ச அளவு 80 மில்லிகிராம்தான்.

அதன்பின் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கலவரம் நீடித்தது. ஐந்து வாகனங்கள் எரிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் காயமடைந்தனர். 1969க்குப் பிறகு சிங்கப்பூர் இப்படியொரு கலவரத்தைப் பார்த்ததில்லை. 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர்.

பிறகு மதுவுக்குக் கட்டுப்பாடு வந்தது. அன்று முதல் இன்றுவரை தேக்காவின் காப்பிக் கடைகளில் ஒரு கேள்வி உலவிக்கொண்டிருக்கிறது: மது விற்பனையைத் தடுத்தால் சாலையில் உயிர் பிழைக்குமா? ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளைப் பற்றி இதே கேள்வி நீதிமன்றப் படியேறியது. இரண்டு ஊர்க் கதைகளையும் சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கும்.

கள்ளுக்கடைக் காலம்

தமிழனுக்கும் மதுவுக்கும் நடக்கும் வழக்கு மிகப் பழையது. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்று தனி அதிகாரமே வைத்தார். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் முன்னோர்களுடன் கள்ளும் கூடவே வந்தது. ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. காலனி அரசாங்கம் அதை ஒழுங்குபடுத்தியது, உரிமம் கொடுத்தது, வருமானமும் பார்த்தது. உழைத்த காசு தோட்ட எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே கள்ளுக்கடையில் கரைந்தது.

இதை எதிர்த்த முதல் குரல்கள் நம்மவர்களிடமிருந்தே வந்தன. 1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். சாதி வேற்றுமையையும் வீண் சடங்குகளையும் கண்டித்த அந்தச் சீர்திருத்தவாதிகள் குடியையும் விட்டுவைக்கவில்லை.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். அவர்களின் கோரிக்கைகளைப் படித்தால் இன்றும் மனம் கனக்கும். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். கடையை மூடச் சொன்னவர்கள் அங்கே குடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கம் நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடுகடத்தியது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின.

அந்தக் காலத்துக் கோரிக்கையில் சாலைப் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. மானம், கூலி, குடும்பம் ஆகிய மூன்றும்தான் இருந்தன. தமிழ்நாட்டிலும் அப்படியே. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமான இழப்பை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971ல் மு. கருணாநிதியின் அரசு அதைத் தள்ளிவைத்தது, சில ஆண்டுகளில் மீண்டும் கொண்டுவந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது மறுபடி தளர்ந்தது. 1983ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003ல் ஜெ. ஜெயலலிதாவின் ஆட்சியில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே போனது.

அதாவது, 2013ல் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடிய இளைஞர்களில் பலர், ஊரில் அரசாங்கமே மதுக்கடை நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று போத்தலில் எழுதிவைத்து அதே அரசாங்கம் விற்றது.

சிங்கப்பூர் மணியை எண்ணியது

கலவரத்தை ஆராய, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2014 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பொது விசாரணை நடந்தது. ஜூன் இறுதியில் அறிக்கை வெளியானது.

கலவரத்துக்குப் பொறி வைத்தது விபத்துதான் என்றது குழு. பேருந்து ஓட்டுநரைக் காப்பாற்றிவிட்டு, அடிபட்டவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது. தெருவிலேயே நியாயம் கேட்டுவிடும் மனப்போக்கும் இருந்தது. இரண்டையும் மது தூண்டிவிட்டது. வேலையிடத்திலோ தங்குமிடத்திலோ உள்ள குறைகள் கலவரத்துக்குக் காரணமல்ல என்றும் குழு கூறியது. மதுவை அறவே ஒழிக்கச் சொல்லவில்லை. கூட்டம் கூடும் இடங்களில் அளவான கட்டுப்பாடு வேண்டும் என்றது.

அறிக்கைக்காகக் காத்திராமல் கட்டுப்பாடுகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. கலவரத்துக்கு அடுத்த வாரயிறுதியில், டிசம்பர் 14, 15 தேதிகளில், லிட்டில் இந்தியாவில் மது விற்கவும் பொது இடத்தில் குடிக்கவும் தடை விதிக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2015 ஜனவரி 30ஆம் தேதி நிரந்தரச் சட்டம் நிறைவேறியது. மதுபான விநியோகத்தையும் அருந்துவதையும் கட்டுப்படுத்தும் அந்தச் சட்டம் ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது.

இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை தீவு முழுவதும் பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. அதே நேரத்தில் கடைகளில் மதுவை வாங்கிச் செல்லவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே சனிக்கிழமை காலை 7 மணி தொடங்கி திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. மற்ற இடங்களைவிட அங்கே தண்டனையும் ஒன்றரை மடங்கு.

லிட்டில் இந்தியாவைத் தனியே சுட்டியதில் நம்மவர் பலருக்கு ஒரு நெருடல் இருந்தது. ஓரிரவில் சில நூறு பேர் செய்த தவற்றுக்கு ஒரு வட்டாரத்தின் பெயரே சட்டத்தில் ஏறிவிட்டதே என்ற வருத்தம் அது. மறுபக்கம், அங்கேயே குடியிருப்பவர்களின் சொல்லும் இருந்தது. ஞாயிறு இரவுகளில் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கிடந்த போத்தல்களையும் வாந்தியையும் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். இரண்டு குரல்களிலும் நியாயம் உண்டு.

இந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அது பொது ஒழுங்குக்காக வந்த சட்டம். மணிக்கணக்கில் கட்டுப்படுத்துவது அந்த வேலைக்குப் பொருத்தமான கருவிதான். பிரேசிலில் டியாடெமா என்ற நகரம் 2002ல் மதுக்கடைகளை இரவு 11 மணிக்கு மூடவைத்தது. அதன்பின் அங்கே கொலைகள் கணிசமாகக் குறைந்தன. பின்னிரவில் மதுவும் கூட்டமும் ஒன்றாகச் சேராவிட்டால் தெரு அமைதியாகும். ஆனால் தெரு அமைதியாவது ஒன்று, சாலை பாதுகாப்பாவது வேறொன்று.

இந்தியா மீட்டரை எண்ணியது

சாலைப் பாதுகாப்புக்காகவே மதுக்கடைகளை அகற்றச் சொன்ன பெரிய முயற்சி இந்தியாவில் நடந்தது. அதன் தொடக்கம் தமிழ்நாடு. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த பொதுநல வழக்கில், தேசிய நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றும்படி 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தேக்காவில் விபத்து நடந்ததும் அதே ஆண்டில்தான். தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2016 டிசம்பர் 15ஆம் தேதி, தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது. 2017 ஏப்ரல் 1 முதல் அது நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. மக்கள்தொகை 20,000க்குள் உள்ள ஊர்களுக்கு மட்டும், அதற்கு முந்தின நாள் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன.

தீர்ப்பின் அக்கறையில் யாரும் குறை காண முடியாது. இந்திய அரசின் கணக்குப்படி 2015ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,46,133 பேர் மாண்டார்கள். நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டி, குடித்துவிட்டு, மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் காட்சியைப் பார்த்த எவருக்கும் அந்தத் தீர்ப்பு நியாயமாகவே படும்.

ஆனால் சட்டம் மீட்டரை எண்ணத் தொடங்கியதும் மனிதர்களும் மீட்டரை எண்ணத் தொடங்கினார்கள். கேரளத்தின் வடக்கு பரவூரில் ஒரு மதுக்கூடம் தன் வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை ஒன்றைக் கட்டியது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது. நடக்கும் தூரம் மட்டும் நீண்டது. சில மாநில அரசுகள் இன்னும் எளிய வழியைக் கண்டுபிடித்தன. நகருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலையை ‘மாவட்டச் சாலை’, ‘நகரச் சாலை’ என்று பெயர் மாற்றிவிட்டால் தீர்ப்பு பொருந்தாது அல்லவா? கடையை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலையின் பெயரை நகர்த்தினார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு துயரம் நேர்ந்தது. நெடுஞ்சாலையில் மூடிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அருகில், தண்ணீர்க் குழாய்க்கு அருகில், வயலுக்குப் போகும் வழியில் கடை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2017 ஏப்ரல் 11ஆம் தேதி திருப்பூர் அருகே சாமளாபுரத்தில், டாஸ்மாக் கடையை எதிர்த்துப் போராடிய பெண்ணை ஒரு காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. சாலையில் போகிறவனைக் காப்பாற்ற வந்த தீர்ப்பின் பாரம், வீட்டில் இருந்த பெண்ணின் கன்னத்தில் விழுந்தது.

2017 ஜூலையில் உச்ச நீதிமன்றமே விளக்கம் சொன்னது. நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற கடைகளுக்குத் தன் தீர்ப்பு பொருந்தாது என்றது. 2018ல் ஊராட்சிப் பகுதிகளிலும் மாநில அரசுகளே முடிவு செய்ய இடம் தந்தது. 500 மீட்டர் என்ற கோடு ஓராண்டுக்குள் பெரும்பாலும் தேய்ந்துபோனது.

புள்ளிவிவரம் சொல்லும் கதை

டாஸ்மாக் வருமானத்தை முதலில் பார்ப்போம். 2016–17 நிதியாண்டில் அது ஏறத்தாழ 27,000 கோடி ரூபாய். மூவாயிரம் கடைகள் மூடப்பட்ட அடுத்த நிதியாண்டிலும் ஏறத்தாழ அதே தொகை. 2018–19ல் 31,000 கோடியைத் தாண்டியது. 2017 இறுதியில் விலை ஏற்றப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் கடை நகர்ந்த அளவுக்குக் குடி நகரவில்லை என்பது தெளிவு.

அடுத்து, சாலை மரணங்கள். தமிழ்நாட்டில் 2016ல் 17,218 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். 2017ல் 16,157 பேர். 2018ல் 12,216. 2019ல் 10,525. மூன்றே ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேல் குறைந்தது. இந்தியாவே திரும்பிப் பார்த்த சாதனை அது.

இது நெடுஞ்சாலைத் தடையின் வெற்றியா? தேதிகளைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். தடை கடுமையாக இருந்தது 2017ன் சில மாதங்கள்தான். மரணங்கள் பெரிதாகக் குறைந்தது 2018லும் 2019லும். அந்த ஆண்டுகளில் தடை தளர்ந்துவிட்டது, மது விற்பனைத் தொகையும் கூடியிருந்தது. தமிழ்நாட்டில் அப்போது வேறு சில வேலைகள் நடந்தன. 108 ஆம்புலன்ஸ்கள் சரியான இடங்களில் நிறுத்தப்பட்டன. அரசு மருத்துவமனைகளில் விபத்துக் காய சிகிச்சை மையங்கள் உருவாயின. விதிமீறிய ஓட்டுநர்களின் உரிமங்கள் தற்காலிகமாக ரத்து செய்யப்பட்டன. உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். கொவிட் காலத்துக்குப் பின் 2022ல் எண்ணிக்கை மீண்டும் 17,884 ஆக உயர்ந்தது. எடுத்த நடவடிக்கையை ஓயாமல் தொடர வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

கடையைத் தொடாமல் ஓட்டுநரைச் சோதித்து வென்ற ஊர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் போலிசார் வாகனங்களை நிறுத்தி, சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓட்டுநரின் மூச்சைச் சோதிக்கத் தொடங்கினார்கள். 1982ல் அங்கு சாலையில் மாண்டவர்கள் 1,253 பேர். 1983ல் 966 பேர். ஓராண்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மதுக்கடை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அங்கே யாரும் அளக்கவில்லை. ‘இன்றிரவு நான் பிடிபடலாம்’ என்ற எண்ணம் ஓட்டுநரின் மனத்தில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூரும் ஓட்டுநர் விஷயத்தில் அந்த வழியில்தான் போனது. சாலைத் தடுப்புச் சோதனை, மூச்சுச் சோதனை, சிறை, உரிமம் பறிப்பு என்று குடித்துவிட்டு ஓட்டுவோர்மீது சட்டம் நேராகப் பாய்ந்தது. 2019ல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. நம் தீவில் 500 மீட்டர்க் கணக்கு ஒருபோதும் ஒத்துவந்திருக்காது. தேக்காவிலிருந்து மத்திய விரைவுச்சாலை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டிருந்தால் பாதித் தீவில் ஒரு பீர் கூட விற்க முடியாது. 2010ல் இங்கே சாலை மரணங்கள் 193. 2019ல் 118. ஆனால் 2024ல் மீண்டும் 142. இடையில் 2015ல் மதுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதும் மரணம் மீண்டும் ஏறியது. மது விற்பனை நேரத்தை மட்டும் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாது.

கணக்கில் வராத பாதசாரி

இப்போது மீண்டும் அந்த டிசம்பர் இரவுக்குப் போவோம். அன்று குடித்திருந்தவர் ஓட்டுநர் அல்லர். நடந்து வந்தவர். குடித்தவன் வாகனம் ஓட்டக் கூடாது என்று சட்டம் சொன்னது. அவர் ஓட்டவில்லை. சட்டமும் சமூகமும் சொன்னபடி பேருந்தில்தான் போகப் பார்த்தார். பேருந்தில் இடமில்லாமல் போனது.

குடித்துவிட்டு ஓட்டுபவனைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. குடித்துவிட்டு நடப்பவனைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் வாகனம் மோதி இறக்கும் பாதசாரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவையும் மிஞ்சிக் குடித்திருந்தவர்கள். அவர்களுக்கு மூச்சுச் சோதனையும் உதவாது, உரிமம் பறிப்பும் உதவாது. பறிக்க உரிமமே இல்லை. அவர்களுக்கு உதவுவது நல்ல நடைபாதை, தடுப்புக் கம்பி, வெளிச்சம், இடமுள்ள பேருந்து.

லிட்டில் இந்தியாவில் கலவரத்துக்குப் பின் நடந்த மாற்றங்களில் செய்தித்தாள் தலைப்பைப் பிடித்தது மதுச் சட்டம். அதிகம் பேசப்படாத மாற்றங்களும் நடந்தன. தேக்கா லேனில் ஊழியர்களை ஏற்றிவந்த பேருந்துகள் ஹேம்ஷியர் சாலைக்கு மாற்றப்பட்டன. வரிசையில் நிற்கத் தடுப்புகள் வந்தன. விளக்குகளும் கண்காணிப்புக் கேமராக்களும் கூடின. எல்லாரும் தேக்காவுக்கே வந்து குவியாமல் இருக்க, பெஞ்சுரு போன்ற இடங்களில் தங்குவிடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு நிலையங்கள் வந்தன. யாருடைய போத்தலையும் பிடுங்காத ஏற்பாடுகள் இவை. அந்த 33 வயது இளைஞரைப் போன்ற இன்னொருவரைச் சக்கரத்திலிருந்து காப்பாற்றக்கூடியவை இவைதான்.

இதற்காக மதுக் கட்டுப்பாடே வீண் என்று சொல்லிவிட முடியாது. எளிதில் கிடைத்தால் அதிகம் குடிப்பார்கள் என்பது உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. கடையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் கொஞ்சம் குறையும், கொஞ்சம் முன்னால் மூடினால் இன்னும் கொஞ்சம் குறையும். குடி குடியைக் கெடுக்கும் என்று நம் முன்னோர் சொன்னது பொய்யில்லை. கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் அந்த அறிவில்தான். ஆனால் அவர்கள் அந்தக் கோரிக்கையைத் தனியாக வைக்கவில்லை. கூலியையும் மரியாதையையும் சேர்த்தே கேட்டார்கள். கடையை மட்டும் மூடினால் போதாது என்பது அந்த ஏழைத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

மணியை எண்ணும் சட்டம் தெருவின் அமைதியைக் காக்கும். மீட்டரை எண்ணும் சட்டம், தந்திரக்காரர்கள் வளைக்காதவரை, கடையைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைக்கும். சாலையில் உயிரைக் காக்க வேறொரு கணக்கு வேண்டும். கடைசிக் கோப்பைக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு மனிதன் எப்படிப் பயணம் செய்கிறான் என்ற கணக்கு அது. அவன் ஓட்டுகிறானா? அப்படியானால் மூச்சைச் சோதியுங்கள். நடக்கிறானா? நடைபாதையைச் சோதியுங்கள். பேருந்துக்குக் காத்திருக்கிறானா? பேருந்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்துவிட்டானா? எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது என்று எண்ணுங்கள்.

அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எரிந்த வாகனங்களையும் ஓடிய கூட்டத்தையும் நினைவுகூர்கிறோம். அதற்குப் பின் வந்த சட்டத்தைப் பற்றி விவாதிக்கிறோம். எல்லாவற்றுக்கும் முதலில் நடந்தது ஒரு சாலை விபத்து என்பது மட்டும் மறந்துபோகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், ரேஸ் கோர்ஸ் சாலை முனையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் குழந்தைகள் பிறந்த இடம், இன்று நம் சாலைகளைத் திட்டமிடும் இடம் உங்கள் பக்கத்தில் இருக்கும். உங்களைக் கடந்து ஓர் ஊழியர் தங்குவிடுதிப் பேருந்தை நோக்கி நடந்துபோவார். அவர் குடித்தாரா இல்லையா என்று பார்ப்பதைவிட, அவர் பத்திரமாக வீடு சேர வழி இருக்கிறதா என்று பார்ப்பதே அந்த முனையில் இறந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதை.